காதில் விழும் சொல்லும் அமானிதமே
(மின்பணிப் பயிற்சி நிறைவு நிகழ்ச்சியில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



அன்பான பெற்றோர்களே, சான்றிதழ் பெறும் பிள்ளைகளே!

நம் மாநிலத்தில் 2008 முதல் 108 ஓடுகிறது. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554. படகிலிருந்து அழைக்க வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸில் 16ஆம் சேனல். இந்த அழைப்புகளைக் கேட்பவர் காதில் ஒரு ஹெட்செட் இருக்கிறது. அதைப் பொருத்துவது உங்களைப் போன்ற ஒருவர்தான்.

அழகன்குப்பம், வசவன்குப்பம், எக்கியார்குப்பம் என்று நம் கடற்கரையில் எல்லாமே குப்பம். இரைச்சலில் பெயரின் முற்பாதி போய்விட்டால் வண்டி எங்கே போகும்?

ஆகவே கவனியுங்கள். மைக் ஒயரையும் கரண்ட் ஒயரையும் ஒரே பைப்பில் இழுத்தால் உறுமல் வரும். ஷீல்டை இரண்டு முனையிலும் எர்த் செய்தாலும் அதே உறுமல் வரலாம். கன்சோல் பக்கம் மட்டும் செய்யுங்கள். எலக்ட்ரெட் மைக்குக்குச் சிறு வோல்டேஜ் வேண்டும். டைனமிக் மைக்குக்கு வேண்டாம். பேசுவதற்கு அழுத்தும் சுவிட்சைக் காலடியில் வைத்தால் இரு கைகளும் எழுதுவதற்குக் கிடைக்கும். ஆனால் அந்த ஒயர் ஷார்ட் ஆனால் செட் விடாமல் ஒலிபரப்பும். சேனலில் வேறு எவர் குரலும் கேட்காது. நம் உப்பளக் காற்றில் பிளக்கில் களிம்பு ஏறும். மாதம் ஒருமுறை கழற்றித் துடையுங்கள்.

வேலை முடிந்ததும் ஒருவர் வண்டியிலிருந்து குப்பங்களின் பெயர்களை வாசிக்கட்டும். மற்றவர் கேட்டு எழுதட்டும். எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். ஓர் உயிர் அந்தக் கையெழுத்தை நம்பியிருக்கிறது.