பெயர் ஊருக்கு, டிசைன் யாருக்கு?

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சட்டம் என்றதும் பாதிப் பேர் வடைப் பக்கம் நகர்ந்துவிடுவீர்கள். அதனால் சேலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் அப்பா நெசவாளர். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓடும். அதற்குத் தறியில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். சின்ன வயதில் அந்த ஆள் நான்தான். அப்பா யோசித்துப் போட்ட ஒரு கரை டிசைன் மூன்றே மாதத்தில் விசைத்தறியில் வந்துவிட்டது, பாதி விலைக்கு. அவர் யாரிடமும் முறையிடவில்லை. முறையிட வழி உண்டு என்றே அவருக்குத் தெரியாது.

2005இல் ‘காஞ்சிபுரம் பட்டு’ புவிசார் குறியீடு பெற்றபோது, இனிக் கவலையில்லை என்று நினைத்தேன். போலிச் சரக்கை அந்தப் பெயரில் விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம்தான். ஆனால் அது காப்பது ஊரின் பெயரை; அப்பாவின் டிசைனை அல்ல.

டிசைனுக்கு 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது. 10 ஆண்டு பாதுகாப்பு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஒரே நிபந்தனையில்தான் நிறையப் பேர் சறுக்குகிறோம்: விண்ணப்பிக்கும் முன் டிசைன் வெளியே வந்திருக்கக் கூடாது. நம் பிளாக்கில் ஆரி வேலை செய்கிற அக்காக்களே, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டுப் பிறகு பதிந்துகொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

‘பதிப்புரிமை இருக்கிறதே’ என்பீர்கள். கதை, ஓவியத்துக்கு அது பதியாமலே வரும்; படைத்தவர் மறைந்து 60 ஆண்டு வரை நிற்கும். ஆனால் பதியத்தக்க டிசைனைப் பதியாமல், தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் தயாரித்துவிட்டால் அந்த உரிமையும் போய்விடும்.

வீட்டிலிருந்து இட்லிப்பொடி, மசாலா விற்கிறவர்களுக்கு வணிகச் சின்னம். இணையத்தில் விண்ணப்பித்தால் தனிநபருக்கு ஒரு வகைக்கு 4,500 ரூபாய்; 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். ‘காஞ்சி மசாலா’ என்று வெறும் ஊர்ப்பெயரை வைத்தால் கிடைப்பது கடினம், ஊர் எல்லோருக்கும் பொது. பதிவு கிடைக்கும் முன் வட்டத்துக்குள் ‘ஆர்’ போடாதீர்கள், அதற்குச் சட்டப்படி அபராதம் உண்டு.

யோசித்து வைத்திருக்கும் பெயரை வேறு யாராவது பதிந்திருக்கிறார்களா என்று இணையத்தில் இலவசமாகத் தேடலாம். வருகிற ஞாயிறு காலை லேப்டாப்போடு சங்க அறையில் இருப்பேன். லேபிள் அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் வாருங்கள்.