எம்டனும் போர் அறமும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கலையும் பாட்டும் மணக்கும் விழா மேடையில் போரைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். கலூரில் வாழும் நாம், தென்னகக் கடற்படைத் தலைமையகம் அமைந்த நகரின் குடிகள். வெண்சீருடை அணிந்த இளைஞர்களை அடிக்கடி காண்கிறோம். நாளை நம் பிள்ளைகளும் அவ்வுடையை அணியக்கூடும். ஆதலின், படைஞனுக்குரிய ஒழுக்கம் யாது என்று ஆராய்வது நம் கடமையேயாகும்.

துணிவும் சூழ்ச்சியும் மிக்க ஒருவனை, "அவன் பெரிய எம்டன்" என்று நம்மவர் சொல்வதுண்டு. மலையாள நண்பர்கள் வழங்கும் 'யமண்டன்' என்னும் சொல்லும் இதன் வழியே வந்ததென்பர். இச்சொல்லின் வரலாறு யாது? 1914 ஆம் ஆண்டு செப்டம்பர் 22 ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையை அணுகியது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள்மீது குண்டு பொழிந்தது. எண்ணெய் பற்றி எரிந்தது. குறைந்தது ஐவர் மாண்டனர். அஞ்சிய மக்கள் நகரை விட்டு ஓடினர். அந்த அச்சமே சொல்லாகி நம் நாவில் தங்கிவிட்டது.

அக்கப்பலைப் பற்றிய மற்றொரு செய்தியையோ நாம் மறந்துவிட்டோம். அது நம் கொச்சியோடு தொடர்புடையது.

அடுத்த மாதமே எம்டன் மினிக்காய்த் தீவை ஒட்டிய கடலில் உலவியது. கிளான் கிராண்ட், பென்மோர், டிராய்லஸ், சில்கானா முதலிய பிரிட்டிஷ் கப்பல்களைப் பிடித்து மூழ்கடித்தது. ஆயினும், மூழ்கடிக்குமுன் ஒவ்வொரு கப்பலிலும் இருந்தோரைப் பத்திரமாக இறக்கிக்கொண்டது. பின்னர், செயின்ட் எக்பர்ட் என்னும் கப்பலை மூழ்கடியாது விட்டு, அவர்களை அதில் ஏற்றி அனுப்பியது. அக்கப்பல் வந்தடைந்த துறைமுகம் எது தெரியுமா? கொச்சியே! உடைமை இழந்தும் உயிர் இழவாத மாலுமிகள் இங்கேதான் கரையேறினர்.

எம்டனின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். அவர் சூழ்ச்சியில் வல்லவர் என்பதில் ஐயமில்லை. பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்தபோது, பொய்யான நான்காம் புகைபோக்கியை நிறுத்திப் பகைவரை மயக்கினார். ஆனால், சுடுமுன் தம் நாட்டுக் கொடியை ஏற்றினார். போர்முறை அனுமதிக்கும் சூழ்ச்சிக்கும் வஞ்சகத்துக்கும் இடையே உள்ள எல்லை அக்கொடிதான். வெளியேறும் வழியில் மூஸ்கே என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலை வீழ்த்தியபின், துரத்தப்படும் ஆபத்தையும் பொருட்படுத்தாது, நீரில் தத்தளித்த எதிரிகளைக் கரையேற்ற நின்றார். முப்பத்தாறு பேர் உயிரோடு மீட்கப்பட்டனர்.

இதனால் போர் இனியதாகிவிடுமோ? ஆகாது. சென்னையில் மாண்டவர்களுக்கு முல்லரின் பண்பு உயிரை மீட்டுத் தரவில்லை. ஒழுக்கமுள்ளவன் எறிந்த குண்டும் கொல்லவே செய்யும். அறம் போரைத் தூய்மையாக்குவதில்லை. அதன் அழிவுக்கு ஓர் எல்லை வகுக்கிறது. அவ்வளவே. ஆனால் அந்த எல்லைக்குள்தான் எத்தனையோ குடும்பங்களின் விளக்கு அணையாமல் இருக்கிறது.

எல்லை அழிந்தால் நிகழ்வது யாது? 1915 மே 7 ஆம் நாள், அதே ஜெர்மானியக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று, லூசிடானியா என்னும் பயணக் கப்பலை எச்சரிக்கையின்றித் தாக்கியது. ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். கப்பலில் போர்த் தளவாடங்கள் இருந்தன என்று தாக்கியோர் வாதிட்டனர். நாடும் ஒன்று, கடற்படையும் ஒன்று, போரும் ஒன்று. எல்லையைக் காப்பதும் கடப்பதும் அவ்வப்போது மனிதர் எடுக்கும் முடிவே என்பது இதனால் விளங்கும்.

இக்காலத்தில் சட்டமும் உண்டு. காயமுற்றோர், கப்பலிழந்தோர், சிறைப்பட்டோர், பொதுமக்கள் ஆகியோரைக் காக்க 1949 இல் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகள் உருவாயின. இந்தியாவும் 1960 இல் அவற்றிற்கெனச் சட்டம் இயற்றியது. ஆயினும், நடுக்கடலில் ஒரு தலைவன் முடிவெடுக்கும் நொடியில் சட்டநூல் அவன் கையில் இராது. வீட்டிலும் ஊரிலும் எது புகழப்பட்டதோ, அதுவே அவன் நெஞ்சில் இருக்கும்.

இவ்விடத்தில் பண்டைச் செய்தியொன்றை நினைவுகூர்வோம். வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். சேரமான் பெருஞ்சேரலாதன் தோற்றான். முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணிய சேரன், வடக்கிருந்து உயிர் நீத்தான். அப்போது வெண்ணிக்குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர், வென்ற கரிகாலனை விளித்தே, தோற்றவன் அவனினும் நல்லவன் அல்லனோ என்னும் கருத்தமையப் பாடினார். புறநானூறு அதைக் காத்து வைத்திருக்கிறது. சோழநாட்டுப் புலவர் ஒருவர் சேர மன்னனின் மானத்தைப் போற்றினார் என்பதை, சேரநாட்டில் குடியேறி வாழும் நாம் சிறப்பாக எண்ணிப் பார்த்தல் தகும். வெற்றியைப் பாடுவது எளிது. வென்றவன் முகத்துக்கு நேரே உண்மை கூறுவதன்றோ அரிது!

அன்பர்களே! இன்று போர்க்காட்சிகள் கைப்பேசியிலேயே வீட்டுக்குள் வருகின்றன. பிள்ளைகள் அவற்றை விளையாட்டுப் போலக் காண்கின்றனர். எத்தனை பேர் வீழ்ந்தனர் என்று அவர்கள் கேட்கும்போது, எத்தனை பேர் காக்கப்பட்டனர் என்றும் கேட்கப் பழக்குவோம். 'எம்டன்' என்ற சொல் இனி நம் இல்லத்தில் எழும்போது, கொச்சிக் கரையில் இறங்கிய அம்மாலுமிகளின் கதையையும் சேர்த்துச் சொல்வோம்.