அண்டியாபீஸ் கைகள்



உலகமயம் என்றதும் 1991-இன் பொருளாதாரத் தாராளமயத்தில் தொடங்குவது வழக்கம். இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் நின்றுகொண்டு அப்படித் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. 1741-இல் மார்த்தாண்ட வர்மா குளச்சலில் டச்சுப் படையை முறியடித்தாரே, அந்தப் பகைக்கு அடியில் கிடந்தது மிளகு. வெற்றித்தூண் இன்னும் நிற்கிறது. நான் பேச வந்தது தூண் இல்லாத ஒரு கதை, முந்திரியின் கதை.

முந்திரி பிரேசில் நாட்டு மரம். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்தது. அதனால் மலையாளத்தில் அதற்குப் பறங்கியண்டி என்றே ஒரு பெயர் உண்டு. கொல்லத்தில் ஆலைகள் பெருகின. அங்கே தொழிற்சங்கம் வலுத்துக் கூலி உயர்ந்ததும், முதலாளிகள் பலர் எல்லை தாண்டி நம் விளவங்கோடு, கல்குளம் பக்கம் வந்து ஆலை வைத்தார்கள். நம் ஊர்ப் பேச்சில் அது அண்டியாபீஸ். அங்கே வேலைக்குப் போனவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

அவர்கள் உடைக்கும் அண்டியில், அதாவது முந்திரிக்கொட்டையில், பெரும்பங்கு ஐவரி கோஸ்ட், தான்சானியா போன்ற நாடுகளில் விளைந்து கப்பலில் வருவது. அதன் ஓட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது. பெயிண்டுக்கும் வண்டியின் பிரேக்குக்கும் அது பயன்படும். தோலில் பட்டால் பொள்ளும். சாம்பலோ விளக்கெண்ணெயோ கையில் தடவிக்கொண்டு தல்லுவார்கள். ஓங்கித் தட்டினால் பருப்பு நொறுங்கும், மெல்லத் தட்டினால் ஓடு விடாது. கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அக்காவின் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. சோப்புக்கு அது போவதில்லை. இலையில் பாயசம் விழுந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப்பருப்பு நின்றால் டபிள்யூ 320 என்று ஏற்றுமதியில் தரம் போடுகிறார்கள். பருப்புக்கு இத்தனை நுணுக்கமான கணக்கு. எடுத்த கைக்கு எடைக்கூலி.

அந்தக் கூலியைக் குறைத்துப் பேச மாட்டேன். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் கூரை மாறிய வீடும் அதிலிருந்து வந்தவை. ஆனால் கூலி குறைந்த இடம் தேடி வந்த தொழில் அதே காரணத்துக்காக நகர்ந்தும் போகும். வியட்நாம் இயந்திரத்தில் உடைத்து, பருப்பு ஏற்றுமதியில் நம்மை முந்திவிட்டது. 2016-இல் பச்சை அண்டி இறக்குமதிக்கு 5 சதவீத வரி வந்தது. 2018-இல் அது 2.5 ஆனது. ஆப்பிரிக்காவில் விலை ஏறினாலும் தில்லியில் வரி ஏறினாலும் குறைவது இங்குள்ள பெண்களின் வேலைநாள். அந்த முடிவுகள் எதிலும் அவர்களை யாரும் கேட்டதில்லை. இது அநீதி.

வரலாற்றுத் துறை மாணவர்களே, குளச்சல் போரைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் ஊர் அண்டியாபீஸ் அம்மாக்களிடம் போய் உட்காருங்கள். எந்த வயதில் வேலைக்கு வந்தார்கள், முதல் கூலி எவ்வளவு, ஆபீஸ் பூட்டிய மாதங்களில் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேளுங்கள். அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வாருங்கள்.