இடையன்குடித் தொண்டர் கால்டுவெல்
(பொழிவின் எழுத்துவடிவம்)



கால்டுவெல் பெருமகனார் என்றதும் நம் நினைவில் எழுவது ஒரு பெருநூல். அதனை விட்டால், 1968-ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையில் நிறுவப்பெற்ற சிலை. நூலைப் பயின்றோர் சிலர். சிலையைக் கண்டோர் பலர். ஆயின், அப் பெரியார் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை என்னவாக இருந்து கழித்தார் என்று வினவினால், விடையிறுப்போர் மிகச் சிலரே. அவர் பல்கலைக்கழக இருக்கையில் அமர்ந்து ஆராய்ந்தவர் அல்லர். அரசின் ஊதியம் பெற்று ஏடு தொகுத்தவரும் அல்லர். நெல்லை நாட்டின் தென்கோடியில், பனங்காட்டின் நடுவே, ஒரு சிற்றூர்க் கோயிற்குருவாக வாழ்ந்தவர். அச் சிற்றூர்த் தொண்டினின்று பிரித்தெடுத்து அவர்தம் மொழியாராய்ச்சியை மட்டும் போற்றுவது, பனையை மறந்து நுங்கைப் புகழ்வது போன்றதாகும்.

அயர்லாந்து நாட்டில் கிளாடி என்னும் ஊரில் 1814 மே 7-ஆம் நாள் இராபர்ட்டு கால்டுவெல் பிறந்தார். கிளாசுகோ பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, கிரேக்கப் பேராசிரியர் சாண்டுபோர்டு நிகழ்த்திய பாடங்கள் மொழிகளை ஒப்புநோக்கும் வேட்கையை அவருக்கு ஊட்டின. சமயத் தொண்டு பூண்டு கப்பலேறி, 1838 சனவரி 8-ஆம் நாள் சென்னைத் துறையில் இறங்கினார். அக் கப்பலிலேயே தெலுங்கறிஞர் பிரவுனும் உடன்வந்தார் என்பது நற்பேறே. சென்னையில் மூன்றாண்டுகளுக்கு மேல் தங்கித் தமிழ் பயின்றபின், ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்து நெல்லைக்குப் புறப்பட்டார். எவ்வாறு புறப்பட்டார்? அக்காலத்து வெள்ளையர் பல்லக்கில் செல்வர், இவரோ நடந்தார். தஞ்சை, திருச்சி, நீலமலை, கோவை, மதுரை எனச் சுற்றுவழியே கால்நடையாகச் சென்று, 1841-ஆம் ஆண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். மக்களின் பேச்சையும் வழக்கத்தையும் அறிய, நடப்பதைக் காட்டிலும் நல்ல பள்ளி வேறுண்டோ?

நெல்லை என்றவுடன் பொருநையாறும், அதன் இருமருங்கும் விளையும் செந்நெல்லும், வாழையும், கரையோரத்துக் கோயில்களுமே நம் கண்முன் தோன்றும். பொருநை பாய்ந்த நிலத்தில் புலவர் தழைத்தனர்; ஏடுகள் பெருகின; அவற்றோடு வடமொழிச் செல்வாக்கும் ஊன்றிற்று. இடையன்குடியோ பொருநையின் நீர் எட்டாத நிலம். செம்மணல் தேரி, காற்றடித்தால் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். அங்கு உயிர் காப்பது பனையொன்றே. வேனிற்காலத்தில் முருக்குத்தடி சார்த்தி, பாளையரிவாளை இடையிற் செருகி, காலையும் மாலையும் முப்பது நாற்பது பனை ஏறியிறங்குவான் ஆடவன். விடிலியிற் புகைநடுவே பதனீரைக் காய்ச்சிக் கருப்புக்கட்டி வார்ப்பாள் பெண். அவர்களுக்கு எழுத்தில்லை, ஏடில்லை, ஆற்றங்கரைக் கோயிலுக்குள் நுழையும் உரிமையும் அன்றில்லை. இம்மக்களிடையேதான் அவர் குடிபுகுந்தார்.

1844-ஆம் ஆண்டு எலிசா அம்மையாரை மணந்தார். அம்மையார் நாகர்கோயிலில் தொண்டாற்றிய மால்ட்டு என்பாரின் மகளார். தமிழ் அவருக்கு இளமையிலேயே பழகிய மொழி. கணவர் நூலிற் கற்ற தமிழை, மனைவியார் வாழ்விற் கற்றிருந்தார். அம்மையார் இடையன்குடியில் பெண்களுக்கு உறைவிடப் பள்ளி தொடங்கினார். இரேந்தை என்று ஊரார் சொல்லும் பின்னல் வேலையைக் கற்பித்தார். பனையேறுவோன் மகள் தன் கையால் காசு ஈட்டியது அவ்வூருக்குப் புதிது. கால்டுவெலார் ஊரையே அளந்து நேர்த்தெருக்கள் வகுத்தார், கிணறு வெட்டுவித்தார், மரம் நடுவித்தார், பள்ளிகள் நிறுவினார். 1847-இல் அடிக்கல் நாட்டிய திருக்கோயில் 1880-இல்தான் முற்றுப்பெற்றது. முப்பத்துமூன்று ஆண்டுகள்! உள்ளூர்க் கொத்தர்க்குச் சாளர வளைவின் அமைப்பு விளங்காதபோது, களிமண்ணால் அச்சுருவைத் தம் கையாலேயே செய்து காட்டினார் என்பர்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் வற்கடத்தின்போது, ஊர் ஊராகச் சென்று துயர்நீக்கும் பணியில் ஈடுபட்டார். அவ்வாண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் கிறித்தவ நெறியைத் தழுவினர். 'கஞ்சிக்காகச் சமயம் மாறினர்' என்று எள்ளிநகையாடுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். எள்ளுவோர் ஒன்றைச் சொல்லட்டும்: அம்மக்கள் பசித்துக் கிடந்தபோது, நெற்களஞ்சியம் வைத்திருந்த நம்மவருள் எத்தனை பேர் தேரிக்கு நடந்தனர்?

இனி நூலுக்கு வருவோம். 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' 1856-இல் இலண்டனில் அச்சாயிற்று. விரிந்த இரண்டாம் பதிப்பு 1875-இல் வெளிவந்தது. தென்மொழிகள் வடமொழியினின்று பிறந்தவை அல்ல என்று முதற்கண் எழுதியவர் எல்லிசு என்னும் துரைமகனார், ஆண்டு 1816. நாற்பதாண்டு கழித்து அதனை ஐயத்திற்கு இடமின்றி நிறுவியவர் கால்டுவெலார். அவர் கையாண்ட வழி யாது? அழகுச் சொற்களையும் நூற்சொற்களையும் அவர் முதன்மையாகக் கொள்ளவில்லை. நான், நீ என்னும் இடப்பெயர். ஒன்று, இரண்டு என்னும் எண்ணுப்பெயர். வேற்றுமையுருபு, வினைமுற்று, சொற்றொடரின் கட்டுக்கோப்பு - இவற்றையே சான்றாகக் கொண்டார். இவை எழுதப்படிக்கத் தெரியாதவனும் ஒருநாளும் இன்றியமையாதவை. பிறரிடம் எளிதிற் கடன் வாங்கப்படாதவை. நம் மூன்று தெலுங்கில் மூடு, கன்னடத்தில் மூரு. எங்கோ பலூசித்தான் மலையில் வழங்கும் பிராகுயி மொழியில் முசிட். நம் இரண்டு அங்கே இரட். பனையில் தொங்கும் கலயத்தை எண்ணுகின்றவன் வாயிலுள்ள சொல்லுக்கும், பனிமலையில் ஆடு எண்ணுகின்றவன் வாயிலுள்ள சொல்லுக்கும் உறவு கண்டவர் ஒரு சிற்றூர்க் குரு! இரண்டாம் பதிப்பில் பன்னிரு மொழிகளை ஓரினமாக வகுத்தார். அவற்றுள் தோடம், கோத்தம், கோண்டு முதலிய ஆறு ஏட்டிலக்கியம் இல்லாதவை. எழுத்தில்லா மக்களோடு வாழ்ந்தவரன்றோ? எழுத்தில்லா மொழியையும் மொழியென மதித்தார்.

தமிழ் தேவையாயின் வடமொழியை அறவே நீக்கிவிட்டுத் தனித்து நிற்றலோடு தழைத்தோங்கவும் வல்லது என்று அவர் எழுதினார். செந்தமிழ் நடை வடசொல்லை விழிப்போடு விலக்கியே சிறந்தது என்பதையும் கண்டு கூறினார். மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொடியை உயர்த்தியது 1916-இல். அதற்கு அறுபதாண்டு முன்னரே அக்கொடிக்கு உரிய கம்பம் நடப்பட்டுவிட்டது.

அதனால் அவர் சொன்ன யாவும் மறையாகிவிடுமோ? ஆகா. நாடார் பெருமக்களைப் பற்றி 1849-இல் அவர் வெளியிட்ட சிறுநூல், அம்மக்களைத் தாழ்த்தி உரைத்தது. அவர்கள் ஈழத்தினின்று குடியேறியோர் என்றது. யாரிடையே உண்டு உறங்கி வாழ்ந்தாரோ, அவர்கள் நெஞ்சையே அவர் எழுதுகோல் குத்திற்று. 1857-இல் தனித் திருச்சபை கண்ட சட்டாம்பிள்ளை முதலியோர் வெகுண்டெழுந்தது முறையே. கால்டுவெலார் பின்னர் அந்நூலை வழக்கினின்று விலக்கிக்கொண்டார். எனினும் புண் ஆற நெடுங்காலம் ஆயிற்று. அவரை வாழ்த்தும் மேடைகளில் இச்செய்தியை மூடிமறைப்பது அவருக்கும் பெருமையன்று, அம்மக்களுக்கும் நேர்மையன்று.

தமிழிலக்கியத்தின் தொன்மையையும் அவர் மிகக் குறைத்தே மதித்தார். இதில் அவரை முழுதும் குறைகூற இயலாது. கலித்தொகை அச்சேறியது 1887-இல், பத்துப்பாட்டு 1889-இல், புறநானூறு 1894-இல். அவர் மறைந்தது 1891-இல். கழக நூல்களைக் காணாமலே கணக்கிட்டார், கணக்குப் பிழைத்தது. இனத்திற்கு அவர் வடமொழி வழக்கினின்று எடுத்த 'திராவிடம்' என்னும் பெயரோ, தமிழ் என்னும் பெயரின் திரிபே எனப் பாவாணர் விளக்கினார். தமிழை ஏனைய மொழிகளுக்கு உடன்பிறப்பு என்றே கால்டுவெலார் கொண்டார். தாய் என்பது பாவாணர் துணிபு.

வேறொரு குறையே நமக்கு நெருக்கமானது. தமிழ் தனித்து இயங்கும் என்று உலகுக்கு உரைத்தவர், தம் தமிழ்நூலுக்கு இட்ட பெயர் 'நற்கருணைத் தியானமாலை'. அவரும் இடம்பெற்றிருந்த குழு திருத்தி அமைத்த கிறித்தவத் திருமறையிலும் வடசொற்கள் மண்டிக் கிடக்கின்றன. ஆராய்ச்சியிற் கண்டதை அருளுரையிற் கடைப்பிடிக்க அவருக்குத் துணிவு வரவில்லையா, அன்றி உடனிருந்த புலவர்கள் விடவில்லையா? எதுவாயினும், இடையன்குடிப் பெண்ணொருத்திக்கு விளங்கும் தமிழில் அம்மறை அமையும் வாய்ப்பு அன்று நழுவிற்று. அதற்குப்பின் வந்த தமிழ்க் கிறித்தவர் அக்குறையை நீக்கினரா என்பதை அவர்களே தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

1877-இல் அவர் கண்காணியாராக (பிசப்பாக) உயர்வு பெற்றார். அக்கால அளவிலேயே பொருநையின் பழைய கழிமுகமாகிய கொற்கையில் அகழ்ந்து பார்த்தார். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் விலகிப்போக, துறைமுகம் நிலத்துள் அகப்பட்டுக்கொண்டது என்று விளக்கினார். 1881-இல் திருநெல்வேலி வரலாற்றை எழுதி வெளியிட்டார். அவர் தொட்ட மண் இன்னும் பேசுகின்றது. அதே பொருநைக் கரையின் சிவகளையில் தாழியிற் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 எனக் கணிக்கப்பெற்றதாகத் தமிழ்நாட்டரசு 2021-இல் அறிவித்தது. தமிழின் தொன்மையைக் குறைத்து மதித்தவரே, அதனை நிறுவும் மண்வெட்டியையும் நமக்கு எடுத்துக்கொடுத்துச் சென்றார்.

1883-இல் தூத்துக்குடிக்கு இருப்பிடம் மாறியபோதும், இடையன்குடியை அவர் உள்ளம் விட்டகலவில்லை. 1891 ஆகத்து 28-ஆம் நாள் கோடைக்கானலில் உயிர்நீத்தார். சுந்தரனாரின் மனோன்மணீயம் வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. பெரியாரின் உடலை மலையினின்று இறக்கி, நெடுந்தொலைவு கொணர்ந்து, முப்பத்துமூன்று ஆண்டுகள் அவர் எழுப்பிய அத் திருக்கோயிலினுள்ளேயே அடக்கம் செய்தனர். 1899-இல் மறைந்த எலிசா அம்மையாரும் அங்கேயே, தேரி மணலில், அவரருகே துயில்கின்றார்.