கருக்காப்பும் உழவர் மொழியும்



நெல் என்றவுடன் ஆசியாவே நினைவுக்கு வரும். ஆயின் மேலை ஆப்பிரிக்காவிலே, நைசர் ஆற்றின் உள்நாட்டுக் கழிமுகத்தே, ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு முன்னரே அம்மண்ணின் மக்கள் காட்டு நெல்லைப் பழக்கித் தமக்கென ஒரு நெல்லை ஆக்கிக்கொண்டனர். அது ஆசிய நெல்லின் கிளையன்று; தனித்தோன்றிய இனம். அகன்ற இலையால் களையை அடக்கும். அவ்வூர்ப் பூச்சிக்கும் வறட்சிக்கும் ஈடுகொடுக்கும். குறையும் உண்டு. தாள் சாயும்; மணி முற்றியதும் உதிரும். ஆகவே பின்னர் வந்த ஆசிய நெல் மெல்ல மெல்ல அதன் இடத்தைக் கவர்ந்துகொண்டது.

வந்த நெல்லின் விளைவையும் மண்ணின் நெல்லின் உரத்தையும் ஒருங்கு சேர்க்க முயன்றபோது, கலப்பிற் பிறந்த பயிர் மலடாயிற்று. ஐவரி கோசுட்டு நாட்டுப் புவாக்கே நகரையடுத்து இயங்கிய மேலை ஆப்பிரிக்க நெல் வளர்ச்சிக் கழகத்தில், சியேரா இலியோன் நாட்டவரான மான்ட்டி சோன்சு 1990களின் தொடக்கத்தில் இப்பணியை மேற்கொண்டார். கலப்பில் உண்டான கரு மணிக்குள்ளேயே மடியுமுன் அதனை எடுத்து, ஊட்டக்கூழ் இட்ட கண்ணாடிக் குடுவையில் வளர்த்தனர். கருக்காப்பு என்று தமிழில் இதனை அழகுறச் சொல்லலாம். வளர்ந்த நாற்றை மீண்டும் ஆசிய நெல்லோடு கூட்டி, இழந்த வளத்தை மீட்டனர். பூந்தாதுப் பையை வளர்த்து மரபு நிலைத்த வகைகளை விரைந்து பெற்றனர். அயலுயிரின் மரபணுவைச் செருகிய பயிரன்று இது என்பதைக் கருதல் வேண்டும். உழவன் தன் விளைவிலிருந்தே விதையெடுத்து மீண்டும் விதைக்கலாம்.

2000ஆம் ஆண்டில் மேட்டுநிலத்துக்குரிய முதல் ஏழு வகைகள் பெயர்பெற்றன. பின்னர் அவை 18 ஆயின. 2004இல் சோன்சு சீனத்து யுவான் இலாங்பிங்குடன் உலக உணவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இடர்கள் சிறியனவல்ல. 2002இல் உள்நாட்டுப் போர் மூண்டது. புவாக்கே கிளர்ச்சியாளர் கைப்பட்டது. கழகம் முதலில் மாலி நாட்டுப் பமாக்கோவுக்கும், 2005இல் பெனின் நாட்டுக் கோட்டனூவுக்கும் இடம்பெயர்ந்தது. ஆண்டுக்கணக்கில் காத்து வளர்க்கவேண்டிய விதைத் தொகுதிக்குப் போரினும் பெரும்பகை வேறேது? நல்விதை பெருக்கும் பண்ணைகளோ போதவில்லை. எருவிடாத வயலில், பரப்பியோர் சொன்ன விளைவும் வரவில்லை. புதுநெல் வந்ததும் பசி பறந்துவிடும் எனப் பறையறைந்தோர் உழவர்க்கு நன்மை செய்தாரல்லர்.

அந்நெல்லின் பெயர் நெரிக்கா. ஆப்பிரிக்காவுக்கான புதுநெல் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம்! பம்பாரா பேசும் உழவர்குலப் பெண்ணுக்கு அச்சொல் என்ன சொல்லும்? குறுவை, சம்பா எனத் தானே பெயரிட்டு வாழ்ந்த தமிழுழவன் கையிலும் பின்னாளில் எழுத்தும் எண்ணுமே விதைப் பெயராகத் திணிக்கப்பட்டன.

ஆயினும் அக்கழகம் ஒன்றைச் செவ்வனே செய்தது. உழவரை, சிறப்பாகப் பெண்டிரை, ஆய்வு வயலுக்கு அழைத்து, அவர்கள் விரும்பிய கதிரை அவர்களே தெரிந்தெடுக்கச் செய்தது. அப்பகுதியில் குனிந்து களையெடுப்போர் பெரும்பாலும் பெண்டிரே. எந்தக் கதிர் வேண்டும் என்பதை அவரன்றி யார் அறிவார்? பின்னர், வங்காளநாட்டுப் பெண்டிர் நல்விதை பிரிக்கும் முறையைக் காட்டும் படங்களை ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றில் பெயர்த்து ஊரூராகக் காட்டினர். எழுதப் படிக்க அறியாத பெண்டிரும் தம் தாய்மொழியிற் கேட்டனர். விதையைத் தாமே தேர்ந்து உலர்த்தினர்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலோ உயிரித் தொழில்நுட்பம் இன்றும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகிறது.