மினி டிராக்டர் வாங்கலாமா? முதலில் மணிக்கணக்கு

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இந்த மாதம் கல்வி உதவித்தொகை பற்றிப் பேசுவதாக அறிவித்திருந்தோம். அதை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். இன்று ஒரு டிராக்டரைப் பற்றிப் பேசப் போகிறேன். அறக்கட்டளைக்கும் டிராக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது நியாயம். சம்பந்தம் இருக்கிறது.

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி பதினோரு வருடம் வளைகுடாவில் ஓட்டுநராக இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். அவருடைய அத்தாவுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. கையில் இருப்பது நாலு லட்சம். மினி டிராக்டரும் ரோட்டவேட்டரும் வாங்க ஆறரை லட்சம் ஆகிறது. மீதி இரண்டரை லட்சத்தை கர்ளன் ஹஸனாவாக, வட்டியில்லாக் கடனாகக் கொடுங்கள் என்று மனு எழுதியிருக்கிறார். அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன்.

அவரும் என் கண் முன்னால் இருக்கிறார், உங்கள் பணமும் இருக்கிறது. அந்த இரண்டரை லட்சம் உங்கள் அமானிதம். அது திரும்பி வந்தால்தான் அடுத்த வீட்டுக் கஷ்டத்துக்குப் போகும். அவருடைய நாலு லட்சமும் அப்படித்தான். பதினோரு பெருநாளைப் பிள்ளைகளைப் பிரிந்து கழித்துச் சேர்த்த காசு அது. "வாங்கு தம்பி" என்று சொல்வதும் எளிது, "வேண்டாம் தம்பி" என்று சொல்வதும் எளிது. எதைச் சொன்னாலும் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடங்களுக்கு முன் என் அண்ணன் பெரிய டிராக்டர் ஒன்றை ஃபைனான்ஸில் எடுத்தார். ஆறு மாதத்துக்கு ஒரு தவணை. வண்டி வீட்டுக்கு வந்த அன்று தெருவே கூடி நின்றது. அத்தா கண் கலங்கினார். அடுத்த வருடம் தேங்காய் விலை இறங்கியது. மூன்றாம் வருடம் தவணை தவறியது. வண்டியை எடுத்துப் போக ஆள் வந்தபோது அண்ணியின் நகை போனது, பிறகு வண்டியும் போனது. வண்டியின் மீது குறை இல்லை. வருடத்தில் இது எத்தனை மணி நேரம் ஓடும் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கல்லூரியில் படித்தவன் என்று வீட்டில் என்னை வைத்திருந்தார்கள், நானும் கேட்கவில்லை.

எனவே இன்று அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நல்லதையும் கெட்டதையும் பார்ப்போம்.

முதலில் நல்லது. நம் பக்கத்துத் தோப்புகளுக்கு மினி டிராக்டர் பொருத்தமான வண்டி என்பதில் சந்தேகமில்லை. தென்னைக்கு நடுவில் இடைவெளி 25 அடி; பெரிய வண்டியும் போகும். ஆனால் ஊடுபயிராக ஜாதிக்காயோ கோகோவோ வாழையோ வைத்துவிட்டால் பெரிய வண்டி திரும்பாது. பாக்குத் தோப்பில் மரத்துக்கு மரம் 9 அடிதான்; அங்கே சின்ன வண்டிக்குத்தான் வழி. 24 எச்.பி. வகை வண்டி மூன்றரை அடிக்குள் அகலம், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. பெரிய வண்டி அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எடை. அவ்வளவு கனம் ஈர மண்ணில் ஏறி இறங்கினால் மண் இறுகிப்போகும், சொட்டுநீர்க் குழாயும் நசுங்கும்.

இரண்டாவது, நேரம். பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருப்பதால் நமக்குத் தென்மேற்கு மழையிலும் பங்கு, வடகிழக்கு மழையிலும் பங்கு. மழை நின்று மண் பதமாக இருப்பது நாலைந்து நாள். அந்த நாட்களில் வாடகை வண்டிக்காரர் போனை எடுக்க மாட்டார். பதம் போன பிறகு வந்தால் மண் கட்டி கட்டியாகப் பெயரும். சொந்த வண்டி இருந்தால் இந்தக் காத்திருப்பு இல்லை. களையெடுக்க ஆள் கிடைக்காத காலம் இது. எழுபது வயது அத்தா இன்னும் மண்வெட்டி பிடிப்பதைப் பார்க்கும் மகனின் மனசையும் நாம் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, விலை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை மானியம் உண்டு. அதற்கு உச்சவரம்பு இருக்கிறது. நிதி ஒதுக்கீட்டையும் பொறுத்தது. ஒன்றை நினைவில் வையுங்கள்: முதலில் விண்ணப்பம், பிறகு அனுமதி, அதன் பிறகுதான் பில். வண்டியை வாங்கி நிறுத்திவிட்டு மானியம் கேட்டுப் போகாதீர்கள்.

இப்போது கணக்கு. தாளும் பேனாவும் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் விலைக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளலாம்.

வண்டியும் ரோட்டவேட்டரும் 6,50,000 ரூபாய். பத்து வருடம் கழித்து 2,00,000 ரூபாய்க்கு விற்கலாம் என்று வைப்போம். தேய்மானம் 4,50,000, வருடத்துக்கு 45,000. இன்சூரன்ஸ், டயர், பிளேடு, ரிப்பேர் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 20,000. ஆக, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு 65,000 ரூபாய். ஓடும்போது மணிக்கு மூன்று லிட்டர் டீசல், கொஞ்சம் ஆயில்: 280 ரூபாய்.

இதே வேலைக்குத் தனியார் வாடகை மணிக்கு 900 ரூபாய் என்று வைப்போம். சொந்த வண்டியைத் தானே ஓட்டினால் மணிக்கு 620 ரூபாய் மிச்சம். 65,000-ஐ 620-ஆல் வகுத்தால் 105. வருடத்துக்கு 105 மணி நேரம் ஓடினால்தான் போட்ட காசுக்குச் சரியாகும்.

மூன்று ஏக்கர் தோப்பில் எத்தனை மணி ஓடும்? ஏக்கருக்கு இரண்டு மணி நேரம், வருடத்துக்கு நாலு ஓட்டு: ஏக்கருக்கு எட்டு மணி, மூன்று ஏக்கருக்கு 24 மணி. அவ்வளவுதான்! வாடகைக்கு விட்டு ஓட்டினால் வருடத்துக்கு 21,600 ரூபாயில் முடிகிற வேலைக்கு, சொந்த வண்டியில் 71,720 ரூபாய் செலவு. வருடத்துக்கு 50,000 ரூபாய் நஷ்டம். வெளியில் வட்டிக்கு வாங்கினால் ஹராமும் சேரும், நஷ்டமும் கூடும்.

வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரை மணிக்கு 500 ரூபாய்க்கு வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். அதோடு ஒப்பிட்டால் மிச்சம் மணிக்கு 220 ரூபாய்தான். போட்ட காசுக்குச் சரியாக 295 மணி நேரம் ஓட வேண்டும். அரசு வண்டிக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், உண்மைதான். ஆனாலும் சிறு விவசாயிக்குத் தேவை சில மணி நேர உழவு. அதற்கு வண்டி சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. 2020 ஊரடங்கின்போது டாஃபே நிறுவனம் தமிழ்நாட்டுச் சிறு விவசாயிகளுக்கு டிராக்டர்களை மூன்று மாதம் இலவச வாடகைக்குக் கொடுத்தது. 

அடுத்து, விற்பவர்கள் சொல்லாத சில விஷயங்கள்.

சின்ன வண்டி எல்லா வேலையையும் செய்யாது. கோடையில் இறுகிய செம்மண் காட்டில் சட்டிக் கலப்பையை இழுக்க அதற்கு வலு போதாது. வருடம் முழுக்க ரோட்டவேட்டரையே ஓட்டினால் மேல் மண் மாவாகி, அடியில் கெட்டித்தட்டு விழும். தென்னையைச் சுற்றி ஆறடிக்குள் ஆழமாக ஓட்டினால் உணவு எடுக்கும் வேர்கள் அறுபடும். 

நம் ஊர் சிமென்ட்டும் கல்லும் மண்ணும் நிறைந்த ஊர். தோப்பில் வேலை இல்லாத மாதத்தில், "டிரெய்லரை மாட்டி நாலு லோடு அடி" என்று கூப்பிடுவார்கள். விவசாய வண்டியாகப் பதிவு செய்ததை வாடகை லோடுக்கு ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடலாம். அந்த இழப்பீட்டைக் கட்ட வீட்டை விற்றாலும் போதாது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சின்ன வண்டி பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். பிள்ளைகள் மட்கார்டில் ஏறி உட்காருவார்கள். பின்னால் சுற்றுவது ரோட்டவேட்டர். சுழலும் பி.டி.ஓ. தண்டில் துப்பட்டாவோ கைலியோ சிக்கினால் கையை எடுக்கக்கூட நேரம் இருக்காது. இன்ஜினை அணைக்காமல் பின்பக்கம் போகக் கூடாது. ஓட்டுபவரைத் தவிர வேறு யாரும் ஏறக் கூடாது. உரிமம் இல்லாத பையனிடம் சாவி போகக் கூடாது. இந்த மூன்றும் வீட்டுச் சட்டமாக இருக்கட்டும்.

பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மணி மீட்டர் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடாத மீட்டர் உண்மை சொல்லாது.

அப்படியானால் தம்பிக்கு என்ன பதில்? நிர்வாகக் குழு இரண்டு முறை மஷூரா செய்தது. ஒருவர் வேண்டவே வேண்டாம் என்றார். இன்னொருவர், உழைக்க வந்தவனை நாமே தடுக்கலாமா என்று கேட்டார். மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

இவரைப் போலவே மூன்று ஏக்கர் வைத்திருக்கும் இன்னும் பதினோரு தோப்புகள் சேர்ந்தால், மொத்தம் 36 ஏக்கர், 288 மணி நேரம். தன் தோப்பின் 24 மணி போக, வெளியே 264 மணி. மணிக்கு 900 வேண்டாம், 750 வாங்கட்டும். பக்கத்துத் தோட்டக்காரருக்கும் 150 ரூபாய் மிச்சம். வரவு 1,98,000. வருடச் செலவு 65,000, டீசலும் ஆயிலும் 80,640, மொத்தம் 1,45,640. தன் தோப்பும் ஓட்டியாகி, கையில் 52,360 ரூபாய் நிற்கிறது. அது போக, தேய்மானத்துக்கென்று ஒதுக்கிய 45,000 ரூபாய் அடுத்த வண்டிக்காகச் சேர்ந்துகொண்டிருக்கும். அதே வண்டிதான், அதே விலைதான். 24 மணி ஓடினால் குடும்பத்தை இழுக்கும். 288 மணி ஓடினால் குடும்பத்தைத் தாங்கும்.

எனவே எங்கள் முடிவு இது. இந்தப் பருவம் வண்டி வாங்க வேண்டாம். வாடகை வண்டியை அமர்த்தி, தம்பியே கூட நின்று பன்னிரண்டு தோப்புகளிலும் ஓட்ட வைக்கட்டும். ஒவ்வொரு தோப்புக்கும் எத்தனை மணி, யார் உடனே காசு கொடுத்தார், யார் இழுத்தடித்தார் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். இதற்கிடையில் மானியத்துக்கு விண்ணப்பித்துவிடட்டும். பருவ முடிவில் அந்த நோட்டை வைத்து வருடத்துக்கு எத்தனை மணி வரும் என்று பார்ப்போம். 200 மணிக்கு மேல் வருமென்றால் இரண்டரை லட்சத்தை அறக்கட்டளை கொடுக்கும், இன்ஷா அல்லாஹ். தவணை மாதக்கணக்கில் இல்லை. வருடத்துக்கு எட்டுக் காய் வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் 6,250 ரூபாய், ஐந்து வருடம். காய் விலை விழுந்து ஒரு வெட்டு தவறினால் அவகாசம் உண்டு. வண்டியை எடுத்துப் போக இங்கிருந்து யாரும் வர மாட்டோம். ஆனால் நோட்டு வராமல் காசோலை வராது.

தம்பி முதலில் முகம் வாடினார். அடுத்த நாள் ஃபஜ்ருக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் என்னைப் பார்த்து, நாற்பது பக்க நோட்டு போதுமா, எண்பது பக்கம் வேண்டுமா என்று கேட்டார். எண்பது பக்கமே வாங்கச் சொன்னேன்.

தோப்பு வைத்திருக்கும் குடும்பத்தினர் கூட்டம் முடிந்ததும் அவரிடம் உங்கள் ஏக்கர் கணக்கைச் சொல்லிவிட்டுப் போங்கள். அவர் வண்டி ஓடுவது உங்கள் கையிலும் இருக்கிறது. வேறு யாராவது ஆட்டோவோ கிரைண்டரோ தையல் மிஷினோ வாங்க மனு கொடுக்க நினைத்தால், முதலில் இதே கேள்வியை வீட்டில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்: வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும்?

அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக. கடன்பட்டவர்களின் சுமையை இலேசாக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.