குறிப்பு நிற்கவேண்டிய இடம்

மூலநூலுக்கு உரை வகுப்போர், எவ்வுரை எவ்வடிக்கு உரியது என்பதில் மயக்கம் நேராவண்ணம் காப்பர். கணினிக்கு நிரல் எழுதுவோர்க்கும் இக்கடமை உண்டு. நிரலின் இடையே மனிதர் படிப்பதற்கென எழுதப்படும் விளக்கக் குறிப்பைக் கணினி பொருட்படுத்துவதில்லை. ஆயினும், பின்னாளில் அந்நிரலைத் திருத்த வருபவர் அக்குறிப்பை நம்பியே கைவைக்கிறார்.

நிரல் எழுத உதவும் ஈமாக்ஸ் என்னும் பதிப்பி, 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் தோன்றியது. லிஸ்ப் என்னும் கணினிமொழியின் வழக்குகள் அதில் ஊறியுள்ளன. லிஸ்ப் மொழியில் குறிப்பின் தொடக்கத்தைக் காட்டுவது அரைப்புள்ளி. ஓர் அரைப்புள்ளி இட்டால் குறிப்பு வலப்புறம் ஒதுங்கும். இரண்டு இட்டால் நிரல்வரியின் உள்தள்ளலோடு ஒத்து நிற்கும். மூன்று இட்டால் இடது ஓரத்தை அடையும். குறிகளின் எண்ணிக்கையே குறிப்பின் இடத்தை வகுக்கும் நல்ல ஏற்பாடு இது.

நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்கா, ரொபேர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவர் உருவாக்கிய புள்ளிவிபரவியல் மொழி 'ஆர்' என்பதாகும். அதில் குறிப்பைத் தொடக்குவது 'ஹாஷ்' குறி. ஈமாக்ஸில் இம்மொழியை எழுத உதவும் ஈ.எஸ்.எஸ். என்னும் துணைத்தொகுதி, லிஸ்ப் வழக்கையே இதற்கும் பொருத்தியது. ஆர் மொழியாளர் பலரோ எவ்விடத்தும் ஒற்றைக் குறியே இடுபவர். அவர்கள் தாவல் விசையை அழுத்தியதும் குறிப்பு நாற்பதாம் நிரைக்குத் தாவிவிடுகிறது.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. மழையளவைக் கூட்டும் ஒரு வரியின் பக்கத்தில் 'அலகு மில்லிமீற்றர்' என்னும் குறிப்பு இருக்கிறது எனக் கொள்வோம். அடுத்து வரும் கணிப்பின் தலைப்பாக, 'விடுபட்ட நாட்கள் நீக்கப்பட்டன' என்று தனிவரியில் எழுதப்படுகிறது. அது வலப்புறம் தாவி முதற் குறிப்பின் கீழ் நின்றால், மேலுள்ள கூட்டுத்தொகைக்கே உரியதெனத் தோன்றும். சொல் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது.

பரிகாரம் எளிது. 'ஈஎஸ்எஸ்-இன்டென்ட்-வித்-பான்சி-கொமென்ற்ஸ்' என்னும் அமைப்பை, இன்மையைக் குறிக்கும் 'நில்' என மாற்றினால், ஒற்றைக் குறியும் நிரலோடு ஒத்து நிற்கும். மாற்ற விரும்பாதோர் இரட்டைக் குறி இடலாம்.

எனினும், ஒரே நிரலைப் பலர் எழுதுமிடத்து இம்முடிவு ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஒருவர் மாற்றி மற்றவர் மாற்றாதொழிந்தால், குறிப்புகள் கைமாறுந்தோறும் இடம்பெயரும். ஆதலால், முதலில் வழக்கை ஒருமித்து வகுத்து, பின்னரே கருவியை அதற்கிணங்க அமைத்தல் தகும்.